எத்திராஜண்ணனுக்கு நான் சொன்னது

இந்த வண்டிக்கு அவசரம்னா என்னன்னே தெரியாது, அதுதான் எனக்கு முதல் எரிச்சல், மணி ரெண்டே பத்து, மெட்ரோ ஸ்டேஷன் வாசல், கதவு தானா மூடிக்குது, உள்ள நாலு பேர், டிரைவர் கிடையாது, டிரைவருக்கு சீட்டும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது, நான் மட்டும் இருக்கேன், வேதவல்லி, நாப்பத்தாறு வயசு, கழுத்துல தொங்குற அட்டைல பயண உதவியாளர்னு போட்டிருக்கு. என்ன உதவின்னு கேட்டா, வயசானவங்களைக் கைப்பிடிச்சு ஏத்தி விடணும், பயப்படுறவங்ககிட்ட பயம் வேணாம்னு சொல்லணும், வண்டி ஏடாகூடமா ஏதாவது பண்ணா இந்த சிவப்பு பட்டனை அமுக்கணும். ஏழு மாசத்துல ரெண்டே தடவைதான் அமுக்கினேன், ரெண்டு தடவையும் வண்டி மேல தப்பு இல்ல. அதுக்கு எங்க தப்பு பண்ணத் தெரியும், ரோட்டுல ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்தாக்கூட நின்னு அதுக்கு வழி விட்டுட்டுத்தான் போகும். இப்பக்கூட பாரு, ஜூஸ் கடைக்காரன் தண்ணி தெளிக்கிறான், நின்னுடுச்சு. அவன் தெளிச்சு முடிக்கட்டும், நமக்கென்ன, காலைல ஏழரைலேர்ந்து இது ஏழாவது சுத்து, குதிகால்ல ஆணி வெச்சு அடிச்ச மாதிரி இருக்கு, உக்கார எனக்கு ஒரு மடக்கு சீட்டு குடுத்திருக்காங்க, அதுல உக்காந்தா முதுகு போயிடும், நின்னா கால் போயிடும். இன்னிக்கு சனிக்கிழமை. எத்திராஜண்ணன் ரோட்டுல விழுந்தது போன வாரம் வியாழன். ஒன்பது நாளு. அடுத்த ஸ்டாப்பு ரேஷன் கடை, அங்க அவரு சம்சாரம் கன்னியம்மாக்கா ஒயர் கூடையோட நிக்கும், ஆஸ்பத்திரில இறங்கும், அவரு விழுந்த மறுநாள்லேர்ந்து தினமும் இதே ரெண்டே பத்து வண்டிதான், நடுவுல ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, அன்னிக்கு ஒரு நாள் தப்பிச்சேன். அக்காகிட்ட நான் ஒரு விஷயம் சொல்லணும். சொன்னா ஒரு நிமிஷம் ஆகுமா? ஒரு நிமிஷம் கூட ஆகாது. இன்னிக்கு சொல்லிடணும்னு காலைல பல்லு விளக்கும்போதே முடிவு பண்ணிட்டேன். நேத்தும் பல்லு விளக்கும்போது இதையேதான் முடிவு பண்ணேன்.

எல்லாம் அந்த நடையில ஆரம்பிச்சது. இதுக்கு முன்னாடி நான் ஸ்கூல் வேன்ல ஆயா, பதினோரு வருஷம், என் வேலையே வேன்லேர்ந்து குதிச்சு இறங்கி ரோட்டு நடுவுல நின்னு கையை நீட்டி வண்டிங்களை நிறுத்தி பிள்ளைங்களைக் கடக்க வைக்கிறது. கையை நீட்டினா மட்டும் போதாது, வர்றவன் கண்ணைப் பாக்கணும், அவன் என் கண்ணைப் பாக்கணும், பாத்துட்டான்னா நிப்பான், பாக்கலன்னா பின்னாடி வந்துடணும், அது ஒரு கணக்கு, யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல, இந்த ஊர்ல ரோட்டைக் கடக்குறவங்க எல்லாருக்கும் அது தெரியும். ஸ்கூலை மூடிட்டாங்க, இங்க வந்தேன். முதல் மாசம் யாரும் ஏறல. பேய் வண்டின்னாங்க, பொம்மை வண்டின்னாங்க. அப்பதான் கண்ட்ரோல் ரூம் ஃபெலிக்ஸ் ஒரு வழி சொன்னான், மேடம் நீங்க மஞ்ச கோட்டு போட்டுக்கிட்டு வண்டிக்கு முன்னாடி குறுக்க நடங்க, கையைக் காட்டாதீங்க, திரும்பிப் பாக்காதீங்க, சும்மா வீட்டு ஹால்ல நடக்குற மாதிரி நடங்க, ஜனங்க பாக்கட்டும். அடப்பாவி, பதினோரு வருஷம் நான் பிள்ளைங்களுக்குச் சொன்னதுக்கு நேர் எதிரா. முதல் தடவை நடக்கும்போது கண்ணை மூடிக்கிட்டேன், வீட்டுக்காரர் ஞாபகம், பொண்ணு நிவேதிதா ஞாபகம், குக்கரை அடுப்புலேர்ந்து இறக்கினேனான்னு ஞாபகம். நின்னுடுச்சு. மூணடி தள்ளி, சத்தமே இல்லாம. ஜனங்க கை தட்டினாங்க. ரெண்டாவது தடவை கண்ணைத் திறந்துக்கிட்டே நடந்தேன். பத்தாவது தடவை போன் பேசிக்கிட்டே நடந்தேன். ஒரு மாசத்துல நாப்பது அம்பது தடவை நடந்திருப்பேன், அப்புறம் அதுல ஒரு திமிரு வந்துடுச்சு, உண்மையைச் சொல்லணும்ல, வந்துச்சு. பாருங்க நான் நடக்குறேன், நீங்களும் நடங்க, நிக்கும், நான் சொல்றேன்ல. நான் சொல்றேன்ல. இந்த ரெண்டு வார்த்தைதான் இப்ப ராத்திரி பகல் தொண்டைல சிக்கிக்கிட்டு இருக்கு.

ஜூஸ் கடைக்காரன் முடிச்சுட்டான், கிளம்பியாச்சு. ஜன்னல்ல அந்தப் பசை இன்னும் போகல. சதுரமா, ஒரு அடிக்கு ஒரு அடி, ஸ்டிக்கரைக் கிழிச்ச இடம், தூசி ஒட்டிக் கருப்பா ஆயிடுச்சு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சும் போகல. அதுல இருந்தது எத்திராஜண்ணன் போட்டோ. கன்னியம்மாக்காவோட வீட்டுக்காரரு, இஸ்திரி போடுறவரு, பூங்குழலி ஃபிளாட்ஸுக்கு எதிர்ல புங்கமரத்தடில தள்ளுவண்டி, கரிப் பெட்டி, முப்பது வருஷமா அதே மரம். ஒரு நாளைக்கு நாலு தடவை ரோட்டைக் கடந்து ஃபிளாட்ஸுக்குத் துணி கொண்டு போவாரு. இஸ்திரி போட்ட துணி மடிப்பு கலையக் கூடாது இல்ல, ரெண்டு கையையும் நீட்டி உள்ளங்கை மேல அடுக்கி, மேல மோவாயால ஒரு அமுக்கு அமுக்கிக்கிட்டுத்தான் வருவாரு. அப்ப கையை எப்படிக் காட்டுறது? அதான் அண்ணனோட கஷ்டம். ரோட்டு ஓரத்துல நிப்பாரு, அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், வெயிலு, கைல பத்துப் பன்னெண்டு சட்டை, தலையை ஆட்டுவாரு, ஓவ்னு ஒரு சத்தம் குடுப்பாரு, எவனும் நிக்க மாட்டான். ஒரு நாள் வண்டி ஸ்டாப்புல நிக்கும்போது நான் எட்டிப் பாத்து, ஏன்ணே நிக்கிறீங்க, வாங்கன்னேன். கை ரெண்டும் துணில மாட்டிக்கிச்சும்மா, தலையை ஆட்டினா எவன் மதிக்கிறான்னாரு. இதுக்குக் கை வேணாம்ணே, இறங்குங்க, நிக்கும், நான் சொல்றேன்ல. வேணாம்மா, நம்மளுக்கு எதுக்கு அந்த விஷப்பரீட்சைன்னாரு. நான் விட்டேனா? மறுநாள் மஞ்ச கோட்டைப் போட்டுக்கிட்டு அவரு பக்கத்துலயே நின்னேன், முழங்கையைப் பிடிச்சு, வாங்கன்னு இறக்கினேன். கண்ணை இறுக்க மூடிக்கிட்டு வந்தாரு. நின்னுச்சு. அந்தப் பக்கம் போய் கண்ணைத் திறந்து திரும்பிப் பாத்து, பல்லு எல்லாம் தெரிய ஒரு சிரிப்பு, மவராசி, இத்தினி வருஷத்துல எனக்குன்னு நின்ன மொத வண்டி இதுதான்னாரு. எனக்குன்னு நின்ன மொத வண்டி. அதைச் சொல்லாம இருந்திருந்தா நான் இவ்வளவு ஆடியிருக்க மாட்டேன். ஃபெலிக்ஸ்கிட்ட சொன்னேன், அவன் ஆளை அனுப்பிப் போட்டோ எடுத்தான், ரெண்டு கைலயும் வெள்ளைச் சட்டைங்க, பின்னாடி நம்ம வண்டி, கீழ நம்பிக்கையோடு நடங்கள்னு எழுத்து. விழுந்த மறுநாள் காலைல ஃபெலிக்ஸ் போன் பண்ணி, மேடம் அந்த ஸ்டிக்கரை மட்டும் எடுத்துடுங்கன்னான். நகத்தால பேத்தேன். முகம்தான் கடைசியா வந்துச்சு.

ரேஷன் கடை வந்துடுச்சா, இல்ல, இது அதுக்கு முந்தின வளைவு, பன்னெண்டு கிலோமீட்டர் வேகத்துல போற வண்டில வளைவுக்கு முன்னாடி யோசிக்க நிறைய நேரம் இருக்கு, அதான் கொடுமை. அண்ணனுக்கு அப்புறம் கால் பழகிடுச்சு. முதல்ல நம்ம வண்டியைப் பாத்துட்டுத்தான் இறங்குவாரு. அப்புறம் பாதி பாத்து இறங்குவாரு. அப்புறம் சத்தத்தை வெச்சு. அப்புறம் ஒண்ணும் பாக்கறதில்ல, ரோட்டோரம் வந்ததும் நிக்காம அப்படியே ஒரே நடை, தலை திரும்பாது, மோவாய் துணி மேல. நான் அதைக் கவனிச்சேன். கவனிச்சு என்ன பண்ணேன், சந்தோஷப்பட்டேன். நம்ம வண்டி மேல எவ்வளவு நம்பிக்கை பாருன்னு சந்தோஷப்பட்டேன். அப்ப எனக்குப் புரியலன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னா, அதுவும் முடியாது, ஏன்னா திங்கக்கிழமை எனக்கே நடந்துச்சு, அண்ணன் விழுறதுக்கு மூணு நாள் முன்னாடி. டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போறேன், மெயின் ரோடு, தக்காளி வாங்கணும்னு நெனச்சுக்கிட்டே இறங்கிட்டேன், இறங்கிட்டேன்னா, பாக்கல, கை காட்டல, வீட்டு ஹால்ல நடக்குற மாதிரி. ஷேர் ஆட்டோக்காரன் பிரேக் போட்டு என் புடவைல உரசிக்கிட்டு நின்னான், வூட்ல சொல்லிட்டு வந்தியான்னு கேட்டான். நேரா வீட்டுக்குப் போயிட்டேன், தக்காளி வாங்கல. பதினோரு வருஷம் பிள்ளைங்களுக்கு ரோட்டைக் கடக்கச் சொல்லிக் குடுத்தவ நான். என் காலே மறந்துடுச்சுன்னா அண்ணன் காலு? அந்தக் கேள்வி அன்னிக்கு ராத்திரியே எனக்கு வந்துச்சு. வந்துச்சு, ஆனா மறுநாள் காலைல போய் அண்ணே, மத்த வண்டிக்குப் பாத்துக் கடங்கன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. சின்னக் குழந்தையா அவரு, தெரியாதா அவருக்குன்னு நெனச்சேன். செவ்வா போச்சு, புதன் போச்சு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நாலாவது சுத்துல வரேன், புங்கமரத்துக்கிட்ட கூட்டம், வண்டி நின்னுடுச்சு, ரோடு முழுக்க சட்டைங்க. மடிப்பு கலையாத சட்டை கூட ரெண்டு கிடந்துச்சு. தண்ணி லாரி மோதிடுச்சு. அண்ணனை அதுக்குள்ள ஆட்டோல ஏத்திட்டாங்க.

நம்ம வண்டி அங்க இல்லவே இல்ல. அரை கிலோமீட்டர் தள்ளி ரேஷன் கடைப் பக்கம் இருந்தோம். அன்னிக்கு சாயந்தரம் டேப்லெட்ல ஃபாரம் வந்துச்சு, பாதையில் நடந்த விபத்துல நமது வண்டிக்குத் தொடர்பு உண்டா, உண்டு, இல்லைன்னு ரெண்டு கட்டம். இல்லைன்னு தொட்டேன். பொய்யா? பொய் இல்ல. யாரைக் கேட்டாலும் பொய் இல்லன்னுதான் சொல்வாங்க. கேமராவே சொல்லும். ஃபெலிக்ஸ் தேங்க்ஸ் மேடம்னு பதில் போட்டான். இந்தத் திங்கக்கிழமை அதிகாரிங்க வராங்க, இன்னும் ஆறு வண்டிக்கு அனுமதி, மெயின் ரோட்டுலயும் விடப் போறாங்க, என்னை நிரந்தரம் ஆக்குறதா பேச்சு, வீட்டுக்காரர் முதுகெலும்பு தேஞ்சு ஒரு வருஷமா வீட்டோட இருக்காரு, நிவேதிதா காலேஜ்ல கடைசி வருஷம், நான் வாயைத் திறந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா. அதுவும் இந்த வண்டிக்குள்ள பேசுறது எல்லாம் பதிவாகுது, மேல பாரு, கருப்பா ஒரு குமிழி, அதுக்குக் காது இருக்கு. ஆனா சத்தியமா சொல்றேன், வேலைக்குப் பயந்து மட்டும் நான் சும்மா இல்ல. அக்கா மூஞ்சியைப் பாத்து, உன் வீட்டுக்காரரை நான்தான் கையைப் பிடிச்சு இறக்கினேன்னு எப்படிச் சொல்றது, அந்த வாக்கியத்துக்கு முதல் வார்த்தை என்ன, அக்கான்னு ஆரம்பிச்சா அடுத்த வார்த்தை வரமாட்டேங்குது. ஊர்ல என்ன பேசுறாங்கன்னா, குடிச்சிருந்தாரு. குடிக்கவே மாட்டாரு அண்ணன், பீடி கூட இல்ல. லாரிக்காரன் போலீஸ்ல என்ன சொல்லியிருக்கான்னா, நான் ஹாரன் அடிச்சேன் சார், ஆளு நிதானமா இறங்கி வந்தாரு சார், சாவணும்னு முடிவு பண்ண ஆளு மாதிரி வந்தாரு சார். அதை அப்படியே எழுதிக்கிட்டாங்களாம். நிதானமா. அவன் சொன்னது உண்மை. நிதானமாதான் இறங்கியிருப்பாரு. அந்த நிதானம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இந்த ஊர்ல ஒருத்திக்குத்தான் தெரியும்.

ரேஷன் கடை. கதவு திறக்குது. ரெண்டு பொம்பளைங்க அரிசிப் பையோட இறங்குறாங்க, அக்கா ஏறுது. ஒயர் கூடைல துவைச்ச லுங்கி, ஒரு ஃபிளாஸ்க், மேல ஒரு துண்டு. கூடையை வாங்கிக்கிட்டேன். தலை எண்ணெய் பாத்து எத்தனை நாளாச்சோ. என் மடக்கு சீட்டுக்குப் பக்கத்து சீட்டுலதான் எப்பவும் உக்காரும், அங்கதான் பசை இருக்கு, அக்கா தோளுக்கு மேல சரியா அந்த சதுரம். எப்படிக்கா இருக்காருன்னு கேட்டேன், இது ஒண்ணு எனக்கு ஒழுங்கா வரும். அப்டியேதான் கீறாரு, கண்ணு தொறக்குறாரு, வாயில கொழாய், டாக்டரு இன்னும் ஒரு வாரம் கழிச்சுத்தான் எடுப்பேன்றாரு, கை அசையல, ஆனா நம்ம பேசறது எல்லாம் கேக்குதாம், பேசு பேசுன்றாங்க நர்ஸுங்கன்னு சொல்லுச்சு. பேசுக்கான்னேன். கதவு மூடிடுச்சு. வண்டி கிளம்புது. சொல்லு வேதவல்லி. இப்ப சொல்லு. முன்னாடி காலேஜ் பொண்ணு காதுல ஒயரு மாட்டிக்கிட்டு இருக்கா, அவளுக்குக் கேக்காது. பின்னாடி ஒரு ஆளு தூங்குறான். அக்கான்னு ஆரம்பி. நாளைக்குச் சொல்லலாமா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எனக்கு லீவு, திங்கக்கிழமை அதிகாரிங்க, அப்ப செவ்வாய்க்கிழமை சொல்லலாம், செவ்வாய்க்கிழமைன்னா பன்னெண்டு நாளு, அதுக்குள்ள அண்ணனுக்குக் குழாயை எடுத்துட்டா அவரே சொல்லிடுவாரு, நிக்கும்னு நெனச்சேன்னு சொல்லிடுவாரு, அப்ப நான் சொல்ல வேண்டியதே இல்ல. இப்படி ஒரு கேவலமான கணக்கு எனக்குள்ள ஓடுது, ஓடுறதை நானே பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

புங்கமரம். தள்ளுவண்டிக்கு மேல நீல தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டியிருக்கு. வண்டி அந்த இடத்துல வேகத்தைக் குறைக்கும், எப்பவும் குறைக்கும், நாலு தடவை ஆள் இறங்குற இடம்னு அதுக்குப் பழக்கம் ஆயிடுச்சு, இப்ப யாரும் இறங்கறதில்ல, ஆனாலும் குறைக்குது. அக்கா அந்தப் பக்கம் பாக்காம மடியைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் மெல்லமா, எனக்கா இல்ல அதோட மடிக்கா தெரியல, பேச ஆரம்பிச்சுது. "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் வேதா. யாராண்டயும் சொல்லல. வச்சிக்கினு இருக்க முடியல. அன்னிக்குக் காலைல எனக்கும் அவருக்கும் சண்ட. பி பிளாக்கு டீச்சரம்மா பட்டுப்பொடவை, முந்தானைல தீச்சிட்டாரு. வேலைல புத்தி இல்லியா, எங்க பாத்துக்கினு பொட்டி தேய்க்கிறன்னு கேட்டேன். அவரு ஒண்ணும் பேசல. பேசலன்னதும் எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறிச்சு. போ, போய் எங்கனா லாரில வுழுன்னு சொன்னேன். வாய்ல வர்றது தானே, முப்பது வருசமா சொல்றதுதானே. துணிய எடுத்துக்கினு போனாரு. போய் வுழுந்துட்டாரு." இதைச் சொல்லிட்டு என் மூஞ்சியைப் பாத்துச்சு. அழல. ரொம்ப நேரமா அழுது முடிச்ச மூஞ்சி. "லாரிக்காரன் பொய் சொல்லல. சாவணும்னுதான் எறங்கிக்கிறாரு. நான் சொன்னேன்னு எறங்கிட்டாரு."

ஒன்பது நாளா நான் எதை மறைச்சு வெச்சிருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது. இது வேலை விஷயம், ஃபாரம் விஷயம், என் வெக்கம், என் பயம்னு நான் எனக்குள்ளயே வெச்சு உருட்டிக்கிட்டு இருந்தேன், அந்தப் பக்கம் ஒருத்தி அதே ஒன்பது நாளா தன் வாயைத் தானே கிழிச்சுக்கிட்டு இருந்திருக்கா. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும். அடி பாவி வேதவல்லி. மார்க்கெட் ஸ்டாப்பு, காலேஜ் பொண்ணு இறங்கினா, யாரோ முருங்கைக்கீரைக் கட்டோட ஏறினாங்க, நான் கையைக் குடுத்து ஏத்தினேன், கை தன் வேலையைச் செஞ்சுது, வாய், மெதுவாப் பாத்து உக்காருங்கம்மான்னு சொல்லுச்சு. கதவு மூடுச்சு. மேல கருப்புக் குமிழி. கேக்கட்டும். "அக்கா," ன்னேன். அடுத்த வார்த்தை வந்துடுச்சு, எப்படி வந்துச்சுன்னு தெரியல. "அண்ணன் சாகணும்னு இறங்கலக்கா. நான்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன், கை காட்ட வேணாம், பாக்க வேணாம், இறங்குங்க, வண்டி நிக்கும்னு. இந்த வண்டியைத்தான் சொன்னேன். முழங்கையைப் பிடிச்சு நானே இறக்கினேன். தினமும் நாலு தடவை பாக்காமத்தான் கடப்பாரு, நான் கண்ணால பாத்திருக்கேன். கால் பழகிடுச்சுக்கா. அன்னிக்கும் அந்தப் பழக்கத்துலதான் இறங்கியிருக்காரு. எனக்கே அப்படி ஒரு தடவை ஆச்சு. உன் பேச்சால இல்லக்கா. என் பேச்சால."

அக்கா ஒயர் கூடையை என் கைலேர்ந்து எடுத்துத் தன் மடில வெச்சுக்கிச்சு. வண்டி மார்க்கெட்டைத் தாண்டி, லாட்ஜைத் தாண்டி, ஆஸ்பத்திரி ரோட்டுல திரும்புது, முன்னாடி ஒரு ஆடு, நின்னுச்சு, ஆடு போச்சு, கிளம்புச்சு. திட்டட்டும்னு காத்திருக்கேன். அறையட்டும், அறைஞ்சா நல்லாத்தான் இருக்கும், கன்னத்தைக் கூட அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டேன் போல. "அப்ப நான் சொன்னதால இல்ல," ன்னு கேட்டுச்சு. இல்லக்கா. "நெசமா." நெசமா. "உனுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்." அன்னிக்கேன்னேன். அக்கா விரலை ஒண்ணு ஒண்ணா மடக்குச்சு, வியாழன் வெள்ளின்னு உதடு அசையுது, இந்தக் கை முடிஞ்சு அடுத்த கைக்குப் போச்சு. "ஒம்போது நாளு. தெனமும் அவரு கால்மாட்டுல உக்காந்துக்கினு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன், நான் சொன்னேன்னா இப்பிடிப் பண்ணிட்ட, நான் சொன்னேன்னான்னு. வாயில கொழாய், அவரு என்னா பதில் சொல்லுவாரு. நான் கேக்கக் கேக்க ரெண்டு கண்ணுலயும் தண்ணியா ஊத்தும். ஆமான்னு சொல்றாருன்னு நெனச்சிக்கினேன்." குரல் உயரல. "இல்லன்னு சொல்லிக்கினு இருந்திருக்காரு வேதா. ஒம்போது நாளா இல்ல இல்லன்னு சொல்லிக்கினு கெடந்திருக்காரு."

ஆஸ்பத்திரி ஸ்டாப்பு. கதவு திறந்துச்சு. அக்கா எழுந்துச்சு, நான் கையைக் குடுத்தேன், பிடிக்கல, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குச்சு. கீழ நின்னுக்கிட்டு, திரும்பாம, "போலீஸ்ல வந்து இத்த சொல்லுவியா," ன்னு கேட்டுச்சு. சொல்றேன்க்கா. "நாளைக்கு." நாளைக்கு லீவுதான், வரேன்க்கா. ஆஸ்பத்திரி கேட்டு எதிர்ப் பக்கம், எல்லாரும் வண்டிக்கு முன்னாடி குறுக்க நடந்துதான் போவாங்க, அக்காவும் எட்டு நாளா அப்படித்தான் போச்சு. இன்னிக்கு வண்டி மூக்குக்கிட்ட வந்து ஓரத்துலயே நின்னுடுச்சு. கதவு மூடுச்சு. வண்டி கிளம்பல. ஓரத்துல ஆள் நின்னா, கடக்கப் போறாங்கன்னு அது காத்திருக்கும். அக்கா கூடையை இடுப்புல வெச்சுக்கிட்டு வண்டியவே பாத்துக்கிட்டு நிக்குது, இது போகட்டும்னு. ரெண்டும் நிக்குது. அரை நிமிஷம். ஒரு நிமிஷம். முருங்கைக்கீரை அம்மா என்னாச்சும்மா போகாதான்னுச்சு. ஸ்பீக்கர்ல ஃபெலிக்ஸ் வந்தான், எல்லாம் கேட்டிருப்பான், ஆனா குரல்ல ஒண்ணும் காட்டிக்கல, "மேடம், என்ன ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நிக்குது?" ஆள் ஓரத்துல நிக்கிறாங்க தம்பின்னேன். "கிராஸ் பண்ணச் சொல்லுங்க மேடம், வண்டி நிக்கும்ல." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா அசையல, என்னைத்தான் பாக்குது. "மேடம், கேக்குதா, சும்மா இறங்கி நடக்கச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன் தம்பி."